தீட்டும் தொற்றும்

தீட்டு என்றொரு சொல். தொற்று என்றொரு சொல். முன்னது நம் நாட்டிலே தெருவையும் திண்ணையையும், கிணற்றையும் குளத்தையும் நூற்றாண்டுக் கணக்கிலே ஆண்டுவந்த சொல். பின்னது ஆய்வுக்கூடத்திலே வளர்ந்து, அண்மைக் காலத்திலே நம் வாசற்படி ஏறிய சொல். இரண்டும் "தொடாதே" என்கின்றன. இரண்டும் "கழுவு" என்கின்றன. அதனாலேயே, "இரண்டும் ஒன்றுதானய்யா! அன்று பாட்டி சொன்னாள் தீட்டு என்று. இன்று டாக்டர் சொல்கிறார் தொற்று என்று. பெயர்தான் புதிது, பொருள் பழையது" எனப் பேசி மகிழ்வோர் உளர். 2020ஆம் ஆண்டு கொரோனா நோய் உலகை உலுக்கியபோது இந்தப் பேச்சு கொடிகட்டிப் பறந்தது. தள்ளி நில் என்று முன்னோர் சொன்னதெல்லாம் விஞ்ஞானமே என்று சாதிக்கவும் சிலர் துணிந்தனர்.

ஒன்றா இரண்டும்? எண்ணிப் பார்ப்போம், தோழர்களே!

தீட்டு கேட்கும் கேள்வி, "நீ யார்?" என்பது. தொற்று கேட்கும் கேள்வி, "உன் கை எதைத் தொட்டது?" என்பது. முதற் கேள்விக்கான விடையைப் பிறப்பிலே தேடுகிறார்கள். எந்தத் தண்ணீராலும் அதை மாற்ற முடியாது என்கிறார்கள். இரண்டாவது கேள்விக்கான விடை குழாயடியிலே இருக்கிறது. ஒரு கட்டி சோப்பும் ஒரு நிமிட நேரமும் இருந்தால் விடையே மாறிவிடுகிறது. முன்னது ஆளைப் பார்க்கிறது. பின்னது செயலைப் பார்க்கிறது. முன்னது சிலருக்கு மட்டும் விதி; பின்னது எல்லோருக்கும் விதி. இவ்வளவு தொலைவிலே நிற்கும் இரண்டினை ஒன்றென்று கூறுவது, விளக்கும் விட்டில்பூச்சியும் ஒரே இடத்தில் இருப்பதால் இரண்டும் ஒன்றே என்று கூறுவதை ஒக்கும்.

இந்த வேறுபாட்டை நமக்குத் தெளிவாகக் காட்டியவர் ஒரு பேராசிரியர் அல்லர். மருத்துவமனை ஒன்றிலே இரவுப் பணி பார்த்த ஒரு செவிலி. நம் பெரியப்பா இடுப்பெலும்பு முறிந்து படுத்திருந்தார். 11 இரவுகள் அவருடைய கட்டிலருகே துணைக்கு இருந்தோம். நாள்தோறும் உறவினர் வருவர். அவருள் ஒருவர் ஆசாரத்திலே சற்றும் தளராதவர். பேருந்திலிருந்து இறங்கி நேரே வருவார், கட்டிலிலே அமர்வார், பெரியப்பாவின் கட்டைத் தொட்டுப் பார்ப்பார், மருந்து இறங்கும் குழாயைச் சரிசெய்வதாக எண்ணி அசைப்பார், கொண்டுவந்த பலகாரத்தைத் தம் கையாலேயே பிட்டு ஊட்டுவார். அன்பு மனிதர், அதிலே ஐயமில்லை. புறப்படும்போது மட்டும், "வீட்டுக்குப் போனதும் தலைமுழுகித்தான் உள்ளே போவேன். ஆஸ்பத்திரித் தீட்டு ஆகாது" என்பார்.

ஒரு நாள் இதனைக் கேட்டுக்கொண்டிருந்த அந்தச் செவிலி சிரித்த முகத்தோடு சொன்னார்: "போனதும் குளியுங்கள் ஐயா, நல்லதுதான். அது உங்களுக்காக. வந்ததும் கையைக் கழுவுங்கள். அது அவருக்காக. போகும்போது குளிப்பதை நான் தடுக்கவில்லை. வரும்போது கழுவாமல் அவரைத் தொட மட்டும் விடமாட்டேன்."

எவ்வளவு எளிய பேச்சு! எவ்வளவு பெரிய உண்மை! தீட்டு என்பது, தன்னை உயர்ந்தவனாக எண்ணுபவன் தன்னைக் காத்துக்கொள்ளப் போட்ட வேலி. தொற்றுத் தடுப்பு என்பது, படுத்துக் கிடக்கும் எளியவனை நம்மிடமிருந்து காப்பதற்கு நாமே நமக்குப் போட்டுக்கொள்ளும் வேலி. மருத்துவமனைக்கு நோய் தீரச் சென்றவன், அங்கேயே வேறொரு தொற்றினைப் பெறுவதும் உண்டு. உலக நலவாழ்வு நிறுவனம் 2022ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கையின்படி, தீவிரச் சிகிச்சை தரும் மருத்துவமனைகளிலே சேரும் நோயாளிகளுள், செல்வ நாடுகளில் நூற்றுக்கு 7 பேரும், வருவாய் குறைந்த, நடுத்தர நாடுகளில் நூற்றுக்கு 15 பேரும் அங்கிருக்கும் காலத்திலே குறைந்தது ஒரு புதிய தொற்றுக்கு ஆளாகின்றனர். அப்படி ஆளானவருள் ஏறத்தாழப் பத்தில் ஒருவர் உயிர் இழக்கிறார். அந்தத் தொற்றினை ஏவல் பில்லி சூனியமா கொண்டுவந்தது? பெரும்பாலும் கை கொண்டுவந்தது. மருத்துவர் கை, செவிலி கை, உறவினர் கை, நம் கை.

கை குற்றவாளி என்பதை உலகம் எளிதில் ஒப்புக்கொண்டதா? இல்லை. 1840களிலே வியன்னா நகரத்துப் பெரிய மருத்துவமனையில் இரண்டு பிள்ளைப்பேற்றுப் பிரிவுகள் இருந்தன. முதற் பிரிவிலே மருத்துவர்களும் மருத்துவ மாணவர்களும் பேறு பார்த்தனர். இரண்டாவதிலே பேறுகாலப் பணிப்பெண்கள் பார்த்தனர். 1846ஆம் ஆண்டு, படித்தவர்கள் பார்த்த முதற் பிரிவிலே நூற்றுக்கு 11 தாய்மார் பிள்ளைப்பேற்றுக் காய்ச்சலால் மாண்டனர்; இரண்டாவதிலே 3 பேருக்கும் குறைவு. கர்ப்பிணிப் பெண்கள் மண்டியிட்டு அழுதனராம், "எங்களை முதற் பிரிவுக்கு அனுப்பாதீர்கள்" என்று. அந்த எளிய பெண்களுக்குத் தெரிந்தது, அறிஞர் அவைக்குத் தெரியவில்லை.

இக்னாஸ் செம்மல்வைஸ் என்னும் இளைஞர் அங்கே துணை மருத்துவராக இருந்தார். காரணம் தேடினார். இறப்போர்க்கு இறுதிச் சடங்கு செய்யப் பாதிரியார் மணியடித்துக்கொண்டு முதற் பிரிவின் வழியே செல்வது வழக்கம்; அந்த ஓசையின் அச்சத்தால் பெண்கள் சாகிறார்களோ என்றும் பார்த்தார். பாதிரியாரை வேறு வழியாக, மணியோசையின்றி வரச் செய்தார். சாவு குறையவில்லை. ஒரு காரணம் கழிந்தது. 1847ஆம் ஆண்டு, அவருடைய நண்பரான கொலெச்கா என்னும் மருத்துவர், பிணப் பரிசோதனையின்போது கத்தி கீறியதால் நோயுற்று மாண்டார். அவர் உடலில் கண்ட மாறுதல்கள், இறந்த தாய்மாரின் உடலில் கண்டவற்றைப் போலவே இருந்தன. புரிந்துவிட்டது! பிண அறையிலிருந்து நேரே பேற்றறைக்கு வரும் கைகள், சாவினைச் சுமந்து வருகின்றன. அந்த ஆண்டு மே மாதம், குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரிலே கை கழுவாமல் எவரும் தாயைத் தொடக்கூடாது என்று விதித்தார். ஏப்ரலிலே நூற்றுக்கு 18 ஆக இருந்த சாவு, ஜூனிலே 2 ஆக இறங்கிற்று.

ஊர் கொண்டாடியிருக்கவேண்டுமே! கொண்டாடவில்லை. கற்றறிந்த நம் கையிலா அழுக்கு, பட்டம் பெற்ற நம் கையிலா நஞ்சு என்று பெரியவர்கள் சீறினர். கவனியுங்கள், தோழர்களே! "என் கை எதைத் தொட்டது" என்று அவர்கள் கேட்கவில்லை. "நான் யார் தெரியுமா" என்று கேட்டனர். வியன்னாவிலும் அந்தப் பழைய கேள்வியே! செம்மல்வைஸ் பதவி இழந்தார்; 1865ஆம் ஆண்டு, 47 வயதிலே, மனநோயாளர் விடுதியிலே மாண்டார். 1867இல் லிஸ்டர் அறுவைச் சிகிச்சையிலே கிருமி ஒழிப்பு முறையை உலகறியச் செய்தார். 1879இல் பாஸ்டர், பிள்ளைப்பேற்றுக் காய்ச்சலுக்குக் காரணமான கிருமியை அறிஞர் அவையிலே எடுத்துக் காட்டினார். உண்மை வென்றது, உரைத்தவர் அதனைக் காணவில்லை.

இந்த உண்மைதான் இன்று செவிலியர் பயிற்சியின் முதற் பாடம். முதலாம் ஆண்டு மாணவிக்கு அறுவைக் கத்தியைப் பற்றிக் கற்பிக்கும் முன்பு, கை கழுவக் கற்பிக்கிறார்கள். எப்போது கழுவுவது? 2009ஆம் ஆண்டு உலக நலவாழ்வு நிறுவனம் ஐந்து வேளைகளை வகுத்துத் தந்தது. நோயாளியைத் தொடுமுன், ஊசி, கட்டு, குழாய் போன்ற தூய வேலைகளுக்கு முன், குருதி, சிறுநீர், சளி போன்றவை பட நேர்ந்த பின், நோயாளியைத் தொட்ட பின், அவருடைய கட்டில், மேசை, போர்வை ஆகிய சுற்றுப்புறத்தைத் தொட்ட பின். ஆல்கஹால் கலந்த கைத் திரவமானால் 20 முதல் 30 நொடி. சோப்பும் நீருமானால் 40 முதல் 60 நொடி. கண்ணுக்குத் தெரியும் அழுக்கு இருந்தால் சோப்பும் நீரும்தான். விரலிடுக்கு, கட்டைவிரல், நகக்கண், மணிக்கட்டு எதுவும் தப்பக்கூடாது. இங்கே மந்திரம் இல்லை, திசை பார்ப்பதில்லை, மும்முறை, எழுமுறை என்ற கணக்கில்லை. தேய்க்கும் நேரமும் தேய்க்கும் இடமுமே கணக்கு.

கையுறை போட்டால் போதாதோ என்று கேட்பாருண்டு. போதாது. 1889ஆம் ஆண்டையொட்டி, அமெரிக்காவிலே பால்டிமோர் நகரத்து ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில், கரோலின் ஹாம்ப்டன் என்னும் செவிலியின் கைகள் கிருமிநாசினி பட்டுப் புண்ணாயின. அவருக்காக வில்லியம் ஹால்ஸ்டெட் என்னும் மருத்துவர் மெல்லிய ரப்பர் கையுறை செய்வித்தார். செவிலியின் கையைக் காக்கப் பிறந்த உறை, பின்னர் நோயாளியையும் காக்கக் கண்டனர். ஆயினும், ஒரே உறையோடு ஒரு கட்டிலிலிருந்து மறு கட்டிலுக்குச் செல்வாரெனில், அந்த உறை கழுவாத கையைவிடக் கேடானது. தன் கை தூய்மையாக இருக்கிறது என்ற பொய் நிம்மதியையும் அது சேர்த்துத் தருகிறதன்றோ!

நாடி, மூச்சு, உடல் வெப்பம், குருதி அழுத்தம் ஆகியவற்றைக் குறித்த வேளையில் அளந்து எழுதுதல். எழ முடியாதவரை இரண்டு மணிக்கொரு முறையேனும் புரட்டிப் படுக்கவைத்துப் படுக்கைப் புண் வராமல் காத்தல். வாயைத் துப்புரவு செய்தல். சிறுநீர்ப் பை உடலைவிடத் தாழ்வாகவும், தரையைத் தொடாமலும் தொங்குகிறதா எனப் பார்த்தல். பயன்படுத்திய ஊசிக்கு மீண்டும் மூடி போட முயலாமல், துளைபடாத பெட்டியிலே அப்போதே போடுதல். இவைதாம் செவிலியர் கலையின் அடிப்படைகள். காண்போர்க்குச் சிறு வேலைகள். உயிரோ இவற்றிலேதான் தொங்குகிறது.

இவற்றுக்கெல்லாம் மேலாக ஒரு விதி உண்டு. பகுத்தறிவாளர் பொன்னெழுத்தால் பொறிக்கத்தக்க விதி. அமெரிக்க நோய்த்தடுப்பு மையம் 1985ஆம் ஆண்டு வகுக்கத் தொடங்கி, 1996இல் விரிவாக்கியது. எவருடைய குருதியானாலும், எவருடைய உடல் நீரானாலும், அதிலே தொற்று இருக்கக்கூடும் என்றே கருதி நடக்கவேண்டும் என்பது அது. மாளிகைவாசியின் குருதிக்கும் அதே கையுறை. தெருவோரத்தில் கிடந்தவன் குருதிக்கும் அதே கையுறை. முகத்தைப் பார்த்து முடிவு கட்டாதே, குலத்தைப் பார்த்துக் கூட்டிக் குறைக்காதே என்கிறது அந்த விதி. எத்தனை நூல்கள் சமத்துவம் பேசுகின்றன! இந்த ஒரு விதி, பேசாமலே அதனை நடத்திக் காட்டுகிறது.

ஆனால் தீட்டு அவ்வளவு எளிதிலே சாகுமா? வெள்ளை அங்கி அணிந்தும் அது உள்ளே நுழையும். 1986ஆம் ஆண்டு சென்னையிலேதான் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்று கண்டறியப்பட்டது. சுனிதி சாலமன் என்னும் மருத்துவப் பேராசிரியரும், அவருடைய மாணவி நிர்மலாவும் கண்டறிந்தனர். தொட்டால் பரவாது, உடனிருந்து உண்டால் பரவாது என்று விஞ்ஞானம் தெளிவாக்கிய பின்னரும், கட்டிலிலே தனி அடையாளம் தொங்கவிட்டனர்; தட்டினைத் தொலைவிலிருந்து தள்ளினர்; சிகிச்சையையே மறுத்தனர். கிருமிக்கு அஞ்சினால் கையுறை போதும். இவர்களோ ஆளுக்கு அஞ்சினர்! இதனைத் தடுக்க 2017ஆம் ஆண்டு சட்டம் இயற்றப்பட்டு, 2018 செப்டம்பரிலே நடைமுறைக்கு வந்தது. நோயாளியை ஒதுக்குவது குற்றம். நோயைப் பற்றிய செய்தியை மறைவாகக் காப்பது கடமை. பணியாளர்க்குத் தற்காப்புப் பொருள் தருவது நிறுவனத்தின் கடமை என அது கூறுகிறது. தீட்டை ஒழி, தொற்றைத் தடு என்ற இரண்டினையும் ஒரே சட்டம் சொல்லவேண்டியிருந்தது!

நோயாளிக்கு மட்டுமா தீட்டு? நோயாளியைத் தொடுகிறவர்க்கும் அதே நிலை. எல்லாச் சாதி உடலையும் தொடவேண்டும், ஆண் பெண் இருவர் கழிவையும் எடுக்கவேண்டும் என்பதாலேயே, "நல்ல குடும்பத்துப் பெண்" செவிலி ஆகலாகாது என்று நம் நாடு நெடுநாள் எண்ணிற்று. அந்த நாளிலே, சாவித்திரிபாய் பூலே என்னும் மங்கை நல்லாள் என்ன செய்தார்? 1848ஆம் ஆண்டு புனேயிலே பெண்களுக்குப் பள்ளி திறந்தவர். 1897ஆம் ஆண்டு அங்கே பிளேக் நோய் பரவியபோது, மகன் நடத்திய மருத்துவ விடுதியிலே நோயாளிகளுக்குத் தொண்டு செய்தார். நோயுற்ற, தீண்டத்தகாதவன் என்று ஊர் ஒதுக்கிய சிறுவன் ஒருவனைத் தாமே சுமந்து வந்தார். அந்நோய் அவரையும் பற்றியது. அந்த ஆண்டு மார்ச் 10ஆம் நாள் மறைந்தார். 2018 மே மாதம், கேரளத்தின் பேராம்பிராவிலே, நிபா நோய் கண்டவரைப் பேணிய லினி என்னும் இளம் செவிலி, இரண்டு சிறு பிள்ளைகளை விட்டுவிட்டு மாண்டார்.

இத்தகையோர்க்கு நாடு செய்த கைம்மாறு யாது? 2020ஆம் ஆண்டு மாடியிலே நின்று கைதட்டினோம். அதே நாட்களிலே, செவிலியரும் மருத்துவரும் குடியிருந்த வீட்டைக் காலி செய்யச் சொன்ன உரிமையாளர்கள் பலர். அந்த ஏப்ரலிலே, சென்னையில், கொரோனாவால் மாண்ட மருத்துவர் ஒருவரை அடக்கம் செய்ய வந்தோர்மீது கல்லும் கட்டையும் வீசப்பட்டன. அதே மாதத்திலே, நலப் பணியாளரைத் தாக்குவோரைத் தண்டிக்க மத்திய அரசு அவசரச் சட்டம் பிறப்பிக்க நேரிட்டது. கிருமியைத் தடுக்க முகக்கவசம் போதும். கல் வீசிய கைக்குள்ளே இருந்தது கிருமி அச்சமா, பழைய தீட்டா? நெஞ்சைத் தொட்டுச் சொல்லவேண்டும்.

இன்னொருவரையும் மறந்துவிடலாகாது. செவிலி நூறு முறை கை கழுவினாலும், தரையைத் துடைப்பவரும், கழிவினை மஞ்சள், சிவப்பு, வெள்ளை, நீலம் எனப் பிரித்து எடுத்துச் செல்பவரும் இல்லையெனில் தொற்று நீங்காது. 2016ஆம் ஆண்டு விதிகள் அந்த நிறப் பிரிவினைக் கட்டாயமாக்கின. அந்தக் கழிவினைச் சுமப்பவர் எந்தத் தெருவிலிருந்து வருகிறார், அவருடைய கைக்கு உறுதியான உறை இருக்கிறதா, ஊசி குத்தினால் அவருக்கு மருந்து கிடைக்கிறதா என்று கேட்காத தொற்றுத் தடுப்பு, பாதித் தடுப்பு. ஒரு சாதியின் கையிலே அழுக்கை ஒப்படைத்துவிட்டு, மற்றோர் கை தூய்மை என்று கூறுவதற்குப் பெயர் சுகாதாரமன்று, அது வர்ணாசிரமம்.

இதுவரை கூறியதனைக் கேட்டுத் தலையசைப்பீர்கள் தோழர்களே. நாம் பேசிப் பழகிய வழக்குதானே! இனி நம் பக்கமே திரும்புவோம்.

பெரியப்பாவின் அடுத்த கட்டிலிலே ஒரு முதியவர். நீரிழிவால் காலிலே ஆறாப் புண். வலக்கையிலே தாயத்து. நம்மைப் பார்க்க வந்த நண்பர் ஒருவர், நல்ல பகுத்தறிவாளர், சும்மா இருக்கவில்லை. "பெரியவரே, அது காப்பாற்றுமென்றால் இங்கே ஏன் வந்தீர்கள்?" என்றார் உரக்கச் சிரித்து. கேள்வியிலே குற்றமில்லை. முதியவரோ சுவரின் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார். இரவு மாத்திரை கொடுக்க வந்தபோதும் திரும்பவில்லை.

அந்தச் செவிலி நண்பரைத் தனியே அழைத்துச் சொன்னார்: "தம்பி, நீங்கள் கேட்டது நியாயமாகவே இருக்கட்டும். ஆனால் அவர் எனக்குக் கை நீட்டவேண்டுமே!" பிறகு முதியவரிடம் சென்று, "இதை யார் கட்டியது ஐயா?" என்று கேட்டார். "மகள் கட்டினாள் தாயி" என்றார் அவர். "இந்தக் கையிலேதான் மருந்து ஏற்றவேண்டியிருக்கிறது. நீங்களே அவிழ்த்துக் கொடுங்கள். புதுக் கயிற்றில் கோத்து மற்றக் கையிலே கட்டிவிடட்டுமா?" முதியவர் தாமே அவிழ்த்தார்; கை நீட்டினார்; மருந்து ஏறிற்று.

இதற்கு ஒரு சாத்திரமே உண்டு. மெடலீன் லைனிங்கர் என்னும் அமெரிக்கச் செவிலி, 1950களிலே, மனத்துயர் கொண்ட குழந்தைகளைப் பேணும்போது, வெவ்வேறு பண்பாட்டிலே வளர்ந்த குழந்தைகட்கு ஒரே வகைப் பேணுதல் உதவவில்லை எனக் கண்டார். மானிடவியல் பயின்றார், 1960களிலே பாப்புவா நியூகினியின் மலைநாட்டுக் காட்சுப் மக்களோடு வாழ்ந்து ஆய்ந்தார். நோயாளியின் பழக்க வழக்கத்தின்முன் செவிலிக்கு மூன்று வழிகள் உண்டென்றார். நன்மை தருவதையும் தீங்கற்றதையும் காத்துக்கொள். இடையூறாக இருப்பதைப் பேசி இணக்கிக்கொள். கேடு தருவதை, அவருடைய மதிப்புக் கெடாமல், அவரோடு சேர்ந்தே மாற்று.

நம் ஊர் அம்மை நோயை எடுத்துக்கொள்வோம். பெரியம்மை 1980ஆம் ஆண்டு உலகிலிருந்தே ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. மாரியம்மன் சினம் தணிந்ததாலன்று, தடுப்பூசியால். சின்னம்மை இன்றும் வருகிறது. வீட்டிலே வேப்பிலை செருகுகிறார்கள். அந்த வேப்பிலை என்ன சொல்கிறது? "இவ்வீட்டில் நோய் இருக்கிறது, உள்ளே வராதே" என்கிறது. கொப்புளங்கள் எல்லாம் பொருக்குத் தட்டும் வரை அந்நோய் பிறர்க்குப் பரவும். ஆகவே அந்த ஒதுக்கம் நல்லது, இருக்கட்டும். தலைக்குத் தண்ணீர் ஊற்றும் நாள் வரை உடலைத் தூய்மை செய்யக் கூடாதென்பர், "வெதுவெதுப்பான நீரிலே துணி நனைத்துத் துடைக்கலாமா? நகத்தை வெட்டிவிடலாமா?" என்று பேசி இணக்கலாம். கர்ப்பிணிக்கோ கைக்குழந்தைக்கோ அந்நோய் வந்தும், "ஆத்தா வந்திருக்கிறாள், மருந்து ஆகாது" என்றால், அங்கே இணக்கமில்லை, மாற்றியே ஆகவேண்டும். பிறந்த குழந்தையின் தொப்புளிலே சாணமும் சாம்பலும் வைப்பதும் அப்படித்தான். அதிலிருந்து பரவிய இழுப்பு நோய் எத்தனை பச்சிளங் குழந்தைகளை வாரிச் சென்றது! தூய பேறு, தாய்க்குத் தடுப்பூசி, உலர்ந்த தொப்புள் என்று ஊர் ஊராகச் சென்று செவிலியர் சொன்னதன் பலன், 2015ஆம் ஆண்டு, அந்நோய் பொதுநலச் சிக்கல் என்ற நிலையிலிருந்து இந்தியாவில் நீங்கியதாக அறிவிக்கப்பட்டது. சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டிவிட்டுச் சர்க்கரைத் தண்ணீர் வைக்கும் "சேனை"யையும் அவர்களே மாற்றி வருகிறார்கள். பாட்டியைப் பழித்தா மாற்றினார்கள்? பாட்டியின் பக்கத்திலே அமர்ந்து மாற்றினார்கள்.

நியூசிலாந்து நாட்டு மாவோரிச் செவிலி இரிஹபெத்தி ராம்ஸ்டன் இன்னும் ஒரு படி மேலே சென்றார். நோயாளியின் வழக்கங்களைப் பட்டியலிட்டுப் படித்தால் மட்டும் போதாது. படுத்திருப்பவரைவிட நிற்பவருக்கு இருக்கும் ஆதிக்கத்தை முதலில் உணரவேண்டும் என்றார். தன் மதிப்புக்கு இங்கே கேடில்லை என்பதை முடிவு செய்யவேண்டியவர் செவிலியல்லர், நோயாளியே என்றார். 1992ஆம் ஆண்டு அந்நாட்டுச் செவிலியர் மன்றம் அதனைப் பயிற்சியிலே கட்டாயப் பாடமாக்கிற்று. ஆதிக்கத்தை எதிர்த்து வளர்ந்த நமக்கு இது புரியாத பாடமா?

"அப்படியானால் மூடநம்பிக்கையோடு சமரசமா?" என்று இளைய தோழர்கள் துடிப்பது கேட்கிறது. சமரசம் இல்லை. உடலுக்கும் உயிர்க்கும் கேடு எங்கே தொடங்குகிறதோ, அங்கே இணக்கம் முடிகிறது. தாலியைக் கழற்ற நடுங்கும் பெண்ணிடம், உலோகம் இருந்தால் அறுவைக் கருவியால் தோல் சுடக்கூடும் என்று காரணம் சொல்லி, அவள் நம்பும் ஒருவர் கையிலே கொடுக்கச் செய்வது சமரசமன்று. அவளை ஆளாக மதிப்பது. தாலியைப் பற்றி மேடையிலே வாதிடுவோம். அவள் நலமுற்று எழுந்து, வாதிட வலிவு பெற்று, எதிரே வந்து அமரும்போது வாதிடுவோம். படுத்திருப்பவனோடு வாதிடுவதிலே வீரமும் இல்லை, அறிவும் இல்லை. "நீ மூடன்" என்று ஆளைத் தள்ளுவது, "நீ இழிந்தவன்" என்று ஆளைத் தள்ளியதன் தம்பி. அதுவும் "நீ யார்" என்றே கேட்கிறது.

ஆகவே தோழர்களே, நாம் செய்யத்தக்கன சில உண்டு, பெரிய செலவில்லை. மருத்துவமனையிலே உறவினரைக் காணச் செல்லும்போது, முதலில் குழாயைத் தேடுவோம். குழாயிலே நீரில்லை, சோப்பில்லை என்றால், அதைக் கேட்டு மனு எழுதுவோம். கோயில் குளத்தைவிட அந்தக் குழாய் முக்கியமென்று ஊருக்கு உரைப்போம். கட்டிலிலே அமரமாட்டோம், குழாய்களைத் தொடமாட்டோம், இருமல் சளி இருந்தால் போகவேமாட்டோம். துப்புரவுத் தொழிலாளியின் கையுறைக்கும் கூலிக்கும் குரல் கொடுப்போம். செவிலிக்கு வீடு கொடுக்க மறுப்பவரிடம் போய்க் காரணம் கேட்போம். நம் வீட்டுப் பெண்ணும் பையனும் செவிலியர் பயிற்சிக்குப் போக விரும்பினால், பெருமையோடு அனுப்புவோம். வேலூரிலே 1909இல் செவிலியர் பள்ளியும், 1946இல் பட்டப் படிப்பும் தொடங்கிய நாடு இது. நமக்கு அந்தப் படிப்பு புதிதன்று.

தொடாதே என்று சொல்லிச் சொல்லியே ஒரு சமுதாயத்தைத் துண்டு துண்டாக்கினர். கழுவிய கையோடு தொடு என்கிறது செவிலியர் கலை. தொடுவதற்காகக் கழுவும் கைகள் பெருகட்டும். தொடாமலிருக்கக் காரணம் தேடும் கைகள் குறையட்டும்!